ஆறு பவுன் தங்கமும் 54 விங் நட்டும்

கிறிஸ்துமஸ் லீவில் எங்கள் வாயனசாலை (நூலகம்) முற்றத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் முகாம் நடத்துவது வழக்கம். பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகள்தான் அதிகம். சித்தூர்ப் பக்கமிருந்து மலையாளம் மீடியம் பிள்ளைகளும் வருவார்கள். இந்தத் தடவை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டோம். அது கிளம்பியதும் ஒரு கிறிஸ்துமஸ் நாளில்தான்: 2021 டிசம்பர் 25, நம் நேரத்துக்கு மாலை 5.50, பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டில்.

வெப் எடுத்த படங்களை ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினால் போதாதா என்று கமிட்டியில் கேட்டார்கள். மாட்டலாம்தான். பார்ப்பார்கள், சூப்பர் என்பார்கள், டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தப் படம் வருவதற்கு முன்னால் 18 கண்ணாடிகளையும் ஒன்றோடொன்று இணங்க வைக்கப் பல வாரம் மல்லுக்கட்டினார்கள் என்பது ஃப்ளெக்ஸில் தெரியாது. எனக்குக் காட்ட வேண்டியிருந்தது அந்த மல்லுக்கட்டைத்தான். பார்வையாளர் கையாலேயே அதைச் செய்துபார்க்க ஒரு பலகை, அளவு புரிய முற்றத்தில் ஒரு கோலம், இரண்டும் செய்தோம். செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்காக அளவுகளோடு எழுதுகிறேன்.

பலகை

வெப்பின் முதன்மை ஆடி 6.5 மீட்டர் அகலம். ஒரே துண்டு அல்ல, பெரிலியம் என்ற உலோகத்தில் கடைந்த 18 அறுகோணத் துண்டுகள். ஒவ்வொன்றும் எதிரெதிர் பட்டைகளுக்கு நடுவே 1.32 மீட்டர். எங்கள் பலகையில் ஒவ்வொரு துண்டும் 7 செ.மீ. நடுவில் 4 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால் மொத்த உயரம் 36.6 செ.மீ. வரும். உண்மையானதில் ஏறக்குறைய 18-இல் ஒரு பங்கு.

கண்ணாடி 4 எம்.எம். தடிமனில் வாங்குங்கள். 2 எம்.எம். மலிவுதான். ஆனால் அதில் பிம்பம் நெளியும், சுவரில் விழும் வெளிச்சம் வட்டமாக இல்லாமல் பிசிறியடிக்கும். கண்ணாடிக் கடைக்காரர் அறுகோணம் என்றதும் முகம் சுளித்தார். "மாஷே, சதுரமா அறுத்துத் தரேன். அதையும் இடைவெளி இல்லாம அடுக்கலாமல்லோ?" என்றார். நியாயமான கேள்வி. சதுரத்தையும் இடைவெளியின்றி அடுக்கலாம்தான். ஆனால் அறுகோணங்களை நடுவைச் சுற்றி அடுக்கினால் மொத்த உருவம் வட்டத்தை ஒட்டி வருகிறது. நட்சத்திர வெளிச்சத்தை ஒரு சின்ன இடத்தில் குவிக்க அதுதான் தோது. இன்னொரு லாபமும் உண்டு. நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் ஆறு துண்டுகளுக்கும் ஒரே வளைவு போதும் என்பதால், 18 துண்டுகளுக்கும் சேர்த்து மூன்றே வகை வளைவுதான் தேவைப்பட்டது. அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர். நாங்கள் பலகையின் பின்புறம் அ1 முதல் அ6, ஆ1 முதல் ஆ6, இ1 முதல் இ6 என்று பெயின்டில் எழுதிக்கொண்டோம். கடைக்காரரிடம் இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் அவர் தகர அச்சை வைத்து நாலு துண்டு அறுத்தே விட்டார்.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் பின்னால் 9 எம்.எம். பிளைவுட்டில் கொஞ்சம் சிறிய அறுகோணம். அதில் 4 செ.மீ. பக்கமுள்ள முக்கோணமாக மூன்று துளை. துளைக்கு ஒன்றாகத் தலை அமுங்குகிற 4 எம்.எம். சி.எஸ்.கே. போல்ட், 50 எம்.எம். நீளம். போல்ட்டின் தலையை அரால்டைட் வைத்து இறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் நட்டைத் திருகும்போது போல்ட்டும் கூடவே சுற்றும், கண்ணாடியை ஒட்டிய பிறகு அதைப் பிடிக்க வழியில்லை. போல்ட்டில் ஒரு ஸ்பிரிங், அப்புறம் எல்லாத் துண்டுகளையும் தாங்கும் 18 எம்.எம். தாய்ப்பலகை, பலகைக்குப் பின்னால் வாஷர், விரலால் திருகுகிற விங் நட்டு. ஸ்பிரிங் கண்ணாடியை முன்னால் தள்ளும், நட்டு பின்னால் இழுக்கும். தாய்ப்பலகையில் துளையை 6 எம்.எம். போட்டுத் தாராளமாக விடுங்கள். போல்ட் சாய இடம் வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பழைய ஹவாய் செருப்பு ரப்பரை வெட்டி வைக்கலாம் என்று ஆசாரி சொன்னார். வைத்துப் பார்த்தோம். முதல் அரை நாள் ஒழுங்காக நிற்கிறது. ராத்திரி முழுக்க அமுங்கிக் கிடந்தால் காலையில் திரும்பி எழுவதில்லை. கோவையில் ஸ்பிரிங் சுற்றுகிற பட்டறைக்குப் பஞ்சமில்லை. 54 ஸ்பிரிங்கும் ஒரே அளவில் வாங்கிவிடுவதே நல்லது.

கண்ணாடியை ஒட்டும்போது இரண்டு விஷயம். கடையில் சும்மா சிலிக்கான் என்று கேட்டால் புளித்த காடி வாசனை அடிக்கிற டியூபைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதிலிருக்கும் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும், சில வாரத்தில் கறுப்புத் திட்டுகள் முன்பக்கம் தெரியும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, பின்பக்கம் முழுக்க அப்ப வேண்டாம். மூன்று இடத்தில் மொச்சை அளவு வைத்தால் போதும். முழுக்க ஒட்டினால் பிளைவுட் எப்படி வளைகிறதோ அப்படிக் கண்ணாடியும் வளையும். வெப்பில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஏழு மோட்டார். ஆறு மோட்டார்கள் துண்டை நகர்த்தவும் சாய்க்கவும், ஏழாவது அதன் வளைவைத் திருத்த. 18 துண்டுக்கு 126. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் ஆடிக்கு ஆறு. ஆக 132. எங்களுக்கு 54 விங் நட்டு.

வெயிலும் சுவரும்

வடக்குப் பார்த்த சுவர் வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தச் சுவர் நாள் முழுக்க நிழலில் இருக்கும். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, கட்டட நிழல் எட்டாத இடத்தில் பலகையை ஸ்டாண்டில் நிறுத்தினால், கண்ணாடிகள் வெயிலைத் திருப்பிச் சுவரில் அடிக்கும். திருகுகிறவர்கள் பலகைக்குப் பின்னால் நிற்பார்கள், கண்ணில் வெளிச்சம் படாது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே கயிறு கட்டி யாரையும் விடாதீர்கள். சுவர்ப் பக்கமிருந்து கண்ணாடியைப் பார்ப்பதும் சூரியனைப் பார்ப்பதும் ஒன்றுதான், அதுவும் 18 சூரியன். ஆளில்லாத நேரத்தில் பலகைமேல் கோணிச்சாக்கு. எதிரே ஓலைக்கூரை, உலரப்போட்ட துணி எதுவும் இருக்கக்கூடாது.

சாக்கை எடுத்ததும் சுவரில் வெளிச்ச வட்டங்கள் கன்னாபின்னாவென்று சிதறி விழுந்தன. 18-இல் இரண்டைக் காணவேயில்லை. தேடினால் ஒன்று பக்கத்துத் தென்னை மட்டையில், இன்னொன்று ஓட்டுக்கு மேலே. எனக்கு அதுதான் வேண்டும். 2022 பிப்ரவரியில் வெப்பின் முதல் படமும் இப்படித்தான் வந்தது. சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் எச்.டி. 84406 என்ற ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். 18 நட்சத்திரமாகத் தெரிந்தது. எந்தப் புள்ளி எங்கே சிதறியிருக்கும் என்று தெரியாததால் 156 வெவ்வேறு நிலைகளுக்குத் தொலைநோக்கியைத் திருப்பி 1,560 படம் எடுத்தார்கள். கிட்டத்தட்ட 25 மணி நேர வேலை.

அடுத்த கேள்வி, எந்த வட்டம் எந்தக் கண்ணாடியுடையது? இதை நான் சொல்லவில்லை. ஆறாம் கிளாஸ் பெண் ஒருத்தி கையை முன்னால் நீட்டி ஒரு கண்ணாடியை மறைத்தாள், சுவரில் ஒரு வட்டம் அணைந்தது. "சார், இது ஆ3!" என்று கத்தினாள். விண்வெளியில் நீட்டக் கையில்லை. அதனால் அங்கே ஒவ்வொரு துண்டாக லேசாக அசைத்து, எந்தப் புள்ளி நகர்கிறது என்று பார்த்து அடையாளம் கண்டார்கள்.

அதற்குப் பிறகு முற்றத்தில் சந்தை இரைச்சல். பின்னால் நிற்கிறவனுக்குச் சுவர் தெரியாது, பக்கவாட்டில் நிற்கிறவன் சொல்ல வேண்டும். "மேல, மேல, நிறுத்து, அது உன்னுது இல்லடா, அது அவளுது!" மலையாளத்துப் பிள்ளை "இடத்தோட்டு" (இடப்பக்கம்) என்று கத்த, தமிழ்ப் பிள்ளை கீழே கொண்டுபோக, அரை மணி நேரத்தில் இரண்டு பாஷைக்கும் பொதுவாகக் கைச்சாடை ஒன்று உண்டாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட வைத்தேன். 4 எம்.எம். போல்ட்டில் நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் 0.7 மி.மீ. நகரும். முக்கோணத்தின் உயரம் 34.6 மி.மீ. என்பதால் கண்ணாடி ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். கண்ணாடி சாய்வதைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் திரும்பும். 10 மீட்டர் தள்ளி அது 40 செ.மீ. அதாவது நட்டைக் கால் சுற்றுத் திருகினாலே வட்டம் சுவரில் 10 செ.மீ., ஏறக்குறைய அரைச் சாண், நகர்ந்துவிடும். இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும் திருக வேண்டியிருந்தது. வெப்பின் மோட்டார் எடுத்து வைக்கும் ஓர் அடி 10 நானோமீட்டர் அளவு (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர்). எங்கள் நட்டு ஒரு சுற்றில் போகிற தூரத்தை அது 70,000 அடியாகப் பிரித்து நடக்கும். வகுத்துப் பார்த்த பையன் நோட்டை மூடிவிட்டு நட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வட்டங்கள் ஒன்று சேரச் சேர, மொத்தமாகச் சுவரில் நகர்வதையும் கவனித்தார்கள். யாரோ பலகையைத் தள்ளிவிட்டதாகச் சண்டை. தள்ளவில்லை, நகர்வது சூரியன். நிமிஷத்துக்குக் கால் டிகிரி, சுவரில் நாலரை செ.மீ. அளவு. ஆனால் எல்லா வட்டமும் சேர்ந்தே நகர்வதால் குவித்தது கலைவதில்லை. குறி வட்டம் வரைந்த அட்டையை ஒருவன் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தால் சரியாகிவிட்டது. வெப்பில் அந்த வேலைக்கு வழிகாட்டி நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும் தனிக் கருவி உண்டு.

18-உம் ஒன்றாக விழுந்தபோது சுவரில் கண் கூசுகிற ஒரே வட்டம், முழங்கை நீளத்தில் பாதி. தூரத்தில் நின்றே சூடு தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கொஞ்சம் கெடுத்தேன். வெப்பைப் பொறுத்தவரை இது பாதி வழிதான். 18 பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் அவை இன்னும் 18 சின்னத் தொலைநோக்கிகள். 6.5 மீட்டர் ஆடி ஒன்றாக மாற வேண்டுமென்றால் துண்டுகள் முன்பின்னாகவும் ஒரே பரப்பில் இணைய வேண்டும், அதுவும் ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக. அதை விங் நட்டால் செய்ய முடியாது. அவர்கள் 2022 மார்ச்சில் செய்து முடித்தார்கள். முதல் வண்ணப் படங்கள் ஜூலை 12-இல் வந்தன. எங்கள் பலகைக்கு இன்னொரு குறையும் உண்டு. எங்களுடையது தட்டைக் கண்ணாடி, அவர்களுடையது வளைந்தது. அதனால் எங்கள் வட்டம் ஒரு கண்ணாடியின் அளவைவிடச் சிறிதாகாது.

"ஒன்னு உடைஞ்சு போச்சுன்னா?" என்று ஒருவன் கேட்டான். இ3-ஐ மறைக்கச் சொன்னேன். சுவரில் வட்டம் அப்படியே இருந்தது, கொஞ்சம் மங்கியதா என்பதே சந்தேகம். 18-இல் ஒரு பங்குதானே. வெப்பிலும் சி3 என்ற துண்டில் 2022 மே மாதம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய விண்துகள் ஒன்று மோதியது. அந்தத் துண்டைச் சரிக்கட்டி ஓரளவு ஈடு செய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

கோலம்

முழு அளவைத் தரையில் வரைய நான் டேப், பாகைமானி, நூல் எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ரோட்டோரம் வேலை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) அக்காக்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காகிதத்தில் இருந்த படத்தைக் காட்டியதும் அவர்களில் மூத்தவர் சொன்னார்: "இது இடுக்குப் புள்ளியல்லோ வாத்தியாரே. அஞ்சு புள்ளி, மூணு வரைக்கும். நடுப்புள்ளிய விட்டரோணும். இதுக்கெதுக்கு டேப்பு?"

அவர் சொன்னது அச்சுப் பிசகாமல் சரி. 3, 4, 5, 4, 3 என்று புள்ளி வைத்தால் 19. நடுவை விட்டால் 18. அந்த நடு ஓட்டை வழியாகத்தான் வெளிச்சம் பின்னால் கருவிகளுக்குப் போகிறது. டேப் ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது, கயிற்றில் 132 செ.மீ.க்கு முடிச்சுப் போட. இரண்டு புள்ளியிலிருந்து இரண்டு கயிற்றை இழுத்து நுனிகள் சேருமிடத்தில் மூன்றாவது புள்ளி. மூலைகளுக்கு 76 செ.மீ. கயிறு தனி. அக்காக்கள் கோலமாவை விரலிடுக்கில் விட்டுக்கொண்டு பின்னோக்கி நடந்த வேகத்துக்கு எங்களால் கயிறு பிடிக்க முடியவில்லை. கோடு போட்டு முடித்து ஒரே ஒரு அறுகோணத்தை மட்டும் மஞ்சள் பொடியால் நிரப்பினோம்.

ஏன் மஞ்சள் என்று கேட்டார்கள். தங்கப்பூச்சு என்றேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தங்கம் மிக நன்றாகத் திருப்பியடிக்கும், வெப் பார்ப்பதும் பெரும்பாலும் அகச்சிவப்பில்தான். "இம்புட்டுக்கும் தங்கமா! எத்தன பவுனு?" கணக்கைத் தரையிலேயே போட்டோம். பரப்பு 25 சதுர மீட்டர். பூச்சின் தடிமன் 100 நானோமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம். பெருக்கினால் 48 கிராம். எட்டால் வகுத்தால் ஆறு பவுன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஓர் அக்கா, "எங்க பக்கத்து ஊட்டுக் கலியாணத்துல பொண்ணு கழுத்துலயே இதவிட ஜாஸ்தி கெடந்துச்சு" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முகாமில் நான் சொன்னவற்றில் ஊருக்குள் வேகமாகப் பரவியது அந்த ஆறு பவுன்தான். இரண்டு தெரு தள்ளியிருந்து அதைச் சரிபார்க்கவே ஆள் வந்தார்கள்.

கோலம் இன்னொன்றுக்கும் உதவியது. ராக்கெட் முனைக்குள் இருக்கும் இடம் சுமார் நாலரை மீட்டர் விட்டம். அந்த அகலத்துக்கு இரண்டு தென்னங்கயிற்றைக் கோலத்தின் மேல் இணையாகப் போட்டோம். நடுவிலிருக்கும் மூன்று வரிசை உள்ளே அடங்கியது. இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்றாக இருந்தவை வெளியே நின்றன. அந்த வரிசைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எழுப்பி நடு வரிசைக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். வெப்பின் ஆடி மடங்கிப் போனது இப்படித்தான். அந்த இரண்டு இறக்கைகளும் 2022 ஜனவரி 7-லும் 8-லும் விரிந்து பூட்டிக்கொண்டன. அதற்கு முன்னதாக ஜனவரி 4-இல் ஐந்தடுக்கு வெயில் மறைப்பை இழுத்துக் கட்டி முடித்திருந்தார்கள். மறைப்பின் அளவு 21 மீட்டருக்கு 14 மீட்டர், எங்கள் முற்றத்தில் கொள்ளாது. அதன் வெயில் பக்கம் 85 டிகிரி, ஆடி இருக்கும் பக்கம் மைனஸ் 233. ஜிகினா ஷீட்டில் சின்ன மாதிரி ஒன்று கட்டியிருந்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் கீழ்க்காற்று மார்கழியில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் அது பனைமரத்தில் தொங்கியது. வெளியில் வைக்காதீர்கள்.

இருட்டறையில்

அகச்சிவப்பைக் காட்டச் செலவே இல்லை. டி.வி. ரிமோட்டின் முனையை மொபைலின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி பட்டனை அமுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாதது திரையில் மின்னும். கண்ணாடி டம்ளரில் கோலா ஊற்றி நடுவில் வையுங்கள். டார்ச் வெளிச்சம் மங்கி நின்றுவிடும், ரிமோட் வெளிச்சம் கடந்து வரும். தூசு மண்டலங்களுக்குள் பிறக்கிற நட்சத்திரங்களை வெப் பார்ப்பது எப்படி என்று இதற்குமேல் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

வெப் படம் எது, அதற்கு முந்தைய விண்வெளித் தொலைநோக்கியான ஹப்பிளின் படம் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னேன். பளிச்சென்ற நட்சத்திரத்தின் கூர்முனைகளை எண்ண வேண்டும். ஹப்பிளில் நாலு. வெப்பில் ஆறு பெரியது, குறுக்கே இரண்டு சிறியது. முனைகள் நட்சத்திரத்தில் இல்லை, ஆடியின் ஓரங்களிலும் இரண்டாம் ஆடியைத் தாங்கும் கால்களிலும் ஒளி வளைவதால் வருபவை. வேட்டித் துணியை ஒற்றையாகக் கண்முன் பிடித்துத் தெருவிளக்கைப் பார்த்தால் உங்களுக்கும் சிலுவை தெரியும், துணியைத் திருப்பினால் சிலுவையும் திரும்பும். அன்றைக்கு ராத்திரி ரோட்டில் நின்றுகொண்டு ஆளாளுக்குத் துண்டைக் கண்ணில் பிடித்ததை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

"நம்மளுது இல்லியா சார்?" என்பது எல்லா முகாமிலும் வரும். உண்டு. இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட், 2015 செப்டம்பர் 28, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி30 ராக்கெட்டில் போனது. அதன் புறஊதாத் தொலைநோக்கிகள் இரண்டின் ஆடியும் சுமார் 38 செ.மீ. அகலம். ஏறக்குறைய எங்கள் பலகையின் அளவு. பலகையை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் போதும்.

வெப்புக்கே முழு அளவு மாதிரி ஒன்று செய்து அமெரிக்காவில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஐந்தரை டன் எடை, ஏற்ற இரண்டு லாரி, பூட்ட 12 பேருக்கு நாலு நாள். எங்களுக்குப் பெட்டி ஆட்டோவின் பின்பக்கம் தாராளம். பலகை அடுத்து வடகரைப்பதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. கண்ணாடிப் பக்கத்தைப் போர்வையில் சுற்றி, பின்பக்கம் நட்டுகள் எதிலும் இடிக்காமல் வையுங்கள். ரோட்டுக் குலுக்கலில் நட்டுகள் எல்லாம் கழன்று வட்டங்கள் மறுபடி சிதறித்தான் போகும். போய் இறங்கியதும் அதைச் சரிசெய்துவிடாதீர்கள், அப்படியே சாக்கைப் போட்டு மூடி பிள்ளைகளிடம் கொடுங்கள்.